அத்தியாயம் 6: டப்பா மூடிய பிறகு

நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் சாப்பாட்டு மணி 12.40க்கு அடிக்கும். அடுத்த மணி 1.20க்கு. நடுவில் 40 நிமிடம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் அந்த 40 நிமிடமும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். எலுமிச்சைச் சோற்றைப் பருக்கை பருக்கையாகத் தின்பான். வேர்க்கடலையை மூடியில் ஒதுக்கி வைத்து, கடைசியில் ஒவ்வொன்றாக வாயில் போடுவான். "சீக்கிரம் சாப்பிடுடா" என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் சொல்வோம். பசி இல்லையோ, பல்லில் கோளாறோ என்று ஆளுக்கொன்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: டப்பாவை மூடிவிட்டால் அவனுக்குப் போக இடமில்லை. சாப்பிடுகிற பிள்ளையைப் பார்த்து "ஏன் தனியா இருக்கே?" என்று யாரும் கேட்பதில்லை. டப்பா திறந்திருக்கும்வரை அவனுக்கு ஒரு வேலை இருந்தது.

டப்பா மூடிய பிறகு வரும் இருபது, இருபத்தைந்து நிமிடங்களைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். வகுப்பறையில் யார் எங்கே உட்காருவது, யாரோடு சேர்ந்து செய்வது என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிடுகிறது. வெளியே வந்தால் எதுவும் முடிவாகவில்லை. துணை உள்ள பிள்ளைக்கு அதுதான் கொண்டாட்டம். துணை இல்லாத பிள்ளைக்கு நாளிலேயே நீளமான பொழுது அது. "போய் எல்லாரோடயும் விளையாடு" என்று அனுப்பிவைத்தால் அந்தப் பிள்ளை சுவர் ஓரம் வரை போய் நிற்கும். எங்கே போவது, போய் என்ன செய்வது என்ற இரண்டையும் கையில் கொடுத்தால்தான் கால் நகரும். ஓர் இடம், ஒரு வேலை. கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

முதல் வேலை: மூன்று நாள் சும்மா பார்ப்பது

ஒரு தாளில் பள்ளியின் வரைபடத்தைக் கோடுகளாகப் போட்டுக்கொள்ளுங்கள். சத்துணவுக் கூடம், வேப்பமரம், குழாயடி, கழிப்பறை, கொடிக்கம்பம், மைதானம். மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 12.50, 1.00, 1.10 என மூன்று முறை, உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பெயரின் முதலெழுத்தைக் குறியுங்கள். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். ஒன்பது முறை குறித்து முடிந்ததும் சில எழுத்துகள் எப்போதும் கூட்டத்துக்கு வெளியே நிற்பது தெரியும். கழிப்பறைப் பக்கமே மூன்று நாளும் தென்படும் எழுத்து, ஆசிரியர் அறை வாசலிலேயே சுற்றும் எழுத்து, மணி அடிக்கும் முன்பே வகுப்புக்குத் திரும்பிவிடும் எழுத்து ஆகியவற்றைத் தனியே வட்டமிடுங்கள்.

நான்காம் நாள், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, "சாப்பிடும்போது யார் பக்கத்துல உட்கார ஆசை? ரெண்டு பேர் எழுது" என்று கேளுங்கள். "யாரைப் பிடிக்காது?" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் அதுவரை தோன்றாத பகை அன்றைக்குத் தோன்றும். பெயர்களை வட்டங்களாக எழுதி, யார் யாரைக் கேட்டார்கள் என்று அம்புக்குறி போடுங்கள். ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் 1934இல் வெளியிட்ட நூலில் விளக்கிக் காட்டிய முறை இது. அம்பே வராத வட்டம் யாருடையது என்று பாருங்கள். அந்தப் பிள்ளை யாரை நோக்கி அம்பு விட்டிருக்கிறது என்று அதைவிடக் கவனமாகப் பாருங்கள். உங்கள் வேலை அந்த ஒரு பெயரிலிருந்து தொடங்கும். தாளைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள்.

தனியே இருப்பவர்கள் எல்லாரும் ஒன்றில்லை

வரைபடத்தில் வட்டமிட்ட பிள்ளைகள் பெரும்பாலும் நான்கு வகையில் அடங்குவார்கள். வகைக்கேற்ப மருந்து மாறும்.

*விரும்பித் தனித்திருப்பவர்.* ஒரு புத்தகமோ எறும்புப் புற்றோ போதும் இவருக்கு. முகத்தில் தெளிவு இருக்கும். யாராவது கூப்பிட்டால் போவார், முடிந்ததும் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார். இவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். 40 நிமிடத்தில் 15 நிமிடம் அமைதி வேண்டுவது ஒரு குறையாகாது.

*ஆசையும் அச்சமும் உள்ளவர்.* உடல் சுவர் பக்கம் இருக்கும், கண் ஆட்டத்தின் பக்கம் இருக்கும். பந்து வெளியே வந்தால் ஓடிப்போய் எடுத்துத் தருவார். இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் இவருக்காக எழுதியது.

*ஒதுக்கப்பட்டவர்.* போய்ச் சேர்ந்தாலும் ஆட்டம் கலைந்து வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். காரணம் உடையாக இருக்கலாம், மொழியாக, சாதியாக, ஒரு பட்டப்பெயராக இருக்கலாம். இங்கே சரிசெய்ய வேண்டியது கூட்டத்தை. அந்தப் பிள்ளைக்குத் தைரியம் ஊட்டி என்ன பயன்?

*ஆட்டத்தைக் கலைப்பவர்.* தோற்றால் கல்லைத் தூக்கி எறிவார், விதியைப் பாதியில் மாற்றுவார். நாளடைவில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இவருக்குத் தேவை நடுவர் வேலை, எண்ணிக்கை வேலை போன்ற ஒரு பொறுப்பும், தோற்றுப் பழகச் சின்னச் சின்ன ஆட்டங்களும்.

தட்டு வரிசையும் டப்பா வரிசையும்

அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ஒரு பிரிவினை நம் கண் முன்னாலேயே நடக்கிறது. சத்துணவு சாப்பிடுகிறவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தவர்கள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். தட்டில் சோறு விழுவதற்குள் டப்பாக்காரர்கள் பாதி முடித்திருப்பார்கள். கை கழுவி ஆட்டம் தொடங்கியிருக்கும். தட்டுக்காரர்கள் வந்து சேரும்போது அணி பிரித்தாகிவிட்டது. யாரும் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை, பத்து நிமிட இடைவெளி ஒதுக்கிவிட்டது.

இந்தப் பந்தி வெறும் பசிக்காக மட்டும் வந்ததில்லை என்பதை நினைவில் வையுங்கள். சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் தொடங்கி, காமராசர் 1956இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோய், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கிய இந்தத் திட்டம் நமக்குத் தந்த பெரிய வசதி, எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் உட்காரவைக்க முடியும் என்பது. அதைப் பயன்படுத்திக்கொள்ளச் சில வழிகள்:

- டப்பா கொண்டுவருகிறவர்களும் சத்துணவுக் கூடத்திலேயே, தட்டுக்காரர்களுக்கு இடையிடையே உட்காரட்டும். எல்லாருக்கும் பரிமாறிய பிறகே டப்பா திறக்கட்டும். இதற்குச் சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர்கள் ஒத்துழைத்தால் இரண்டே நாளில் பழகிவிடும்.
- திங்கள்கிழமை சீட்டுக் குலுக்கி, நான்கு நான்கு பேராக அந்த வாரத்துப் பந்தி. தினமும் குலுக்க வேண்டாம். ஒருவரோடு ஒருவர் பேச்சு வருவதற்கே இரண்டு நாள் பிடிக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் அவரவர் விருப்பம்.
- அந்த நால்வரில் ஒருவர் தண்ணீர்ச் செம்பு, ஒருவர் இடம் துடைப்பது என்று வேலை பிரித்துக் கொடுங்கள். ஒருவரிடம் ஒருவர் கேட்டே ஆக வேண்டிய வேலையாக இருந்தால் பேச்சு தானே பிறக்கும்.

குலுக்குச் சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் சாதி பள்ளிக்குள் முதலில் தலைகாட்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதை அடுத்து அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பத்தாம் வகுப்பில் கயிறு கட்டத் தோன்றாமல் இருக்க, இரண்டாம் வகுப்பிலிருந்தே பந்தி கலைந்து கலைந்து அமைய வேண்டும்.

பங்கிட்டுத் தின்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மிட்டாயைச் சட்டை நுனியில் பொதிந்து காக்காக்கடி கடித்துப் பங்கு போட்ட தலைமுறை நம்முடையது. இன்று ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், விரதம் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், இறைச்சி தின்னாதவர்கள், தின்பதால் கேலிக்கு ஆளாகிறவர்கள் இருக்கிறார்கள். பகிர்வதைக் கட்டாயமாக்காதீர்கள், தடையும் போடாதீர்கள். "அடுத்தவர் டப்பாவைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது" என்ற ஒரே விதி போதும்.

குழாயடி

கூட்டங்கள் உருவாகும் இடம் மைதானம் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது குழாயடி. கை கழுவும்போதே "வாடா, கிரவுண்டுக்குப் போலாம்" என்று சேர்ந்துகொள்கிறார்கள். அங்கே ஒரு பெரியவர் நிற்பது மைதானத்தில் மூன்று பேர் நிற்பதைவிடப் பயன் தரும்.

ஆசையும் அச்சமும் உள்ள பிள்ளைக்கு ஒரு வாரம் குழாய்ப் பொறுப்பு கொடுத்துப் பாருங்கள். தனியாக வேண்டாம், இன்னொருவரோடு. அந்த இன்னொருவர், நீங்கள் போட்ட அம்புக்குறி காட்டிய பெயர். தண்ணீர் வீணாகாமல் பார்ப்பது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழாய் திறந்துவிடுவது. வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்தே மைதானத்துக்குப் போவார்கள். கூட்டத்துக்குள் தனியாக நுழைவதைவிட இன்னொருவரோடு நுழைவது எவ்வளவு எளிது என்று, கல்யாண வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பழகிய நமக்குத் தெரியும்.

நடுவில் நுழையக்கூடிய ஆட்டங்கள்

எல்லா ஆட்டத்துக்கும் வாசல் ஒரே அளவில் இல்லை. கிரிக்கெட்டில் அணி பிரித்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று. பிந்தி வருகிறவர் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கலாம், அவ்வளவுதான். வாசல் அகலமான ஆட்டங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

*பாண்டி.* கட்டத்தைத் தரையில் போட்டுவிட்டால் வரிசையில் நின்றாலே ஆட்டத்தில் இருக்கிறோம் என்று பொருள். ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

*கல்லா மண்ணா.* எப்போது வேண்டுமானாலும் ஓடிவந்து சேரலாம். எத்தனை பேர் என்ற கணக்கில்லை.

*ஆடு புலி ஆட்டம்.* ஆடுபவர் இருவர்தான். ஆனால் 3 புலியை மடக்க 15 ஆட்டை எப்படி நகர்த்துவது என்று சுற்றி நிற்பவர்களுக்கெல்லாம் ஒரு யோசனை இருக்கும். "இங்க வை, இங்க வை" என்று சொல்லத் தொடங்கியவர் உள்ளே வந்துவிட்டார். சுண்ணாம்பிலோ பெயின்டிலோ தரையில் கட்டத்தை வரைந்து, பக்கத்தில் ஒரு டப்பாவில் கூழாங்கல் வைத்தால் செலவு முடிந்தது.

*பல்லாங்குழி, ஐந்தாங்கல்.* உட்கார்ந்து ஆடுவது, வெயில் படாத இடம், சத்தம் குறைவு. கூச்சம் உள்ளவருக்கும் ஓட முடியாதவருக்கும் உகந்தது.

வேடிக்கை பார்ப்பதை வெளியே நிற்பதாக எண்ண வேண்டாம். சின்னக் குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் எழுதிய ஆய்வில், வேடிக்கை பார்ப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு ஆடுவதையும் சேர்ந்து விளையாடுவதற்கு முந்தைய நிலைகளாக வகைப்படுத்தினார். பெரிய பிள்ளைகளும் புதுக் கூட்டத்தில் அந்தப் படிகளில்தான் ஏறுகிறார்கள். படியில் நிற்பவரைப் பிடித்து உள்ளே தள்ளாதீர்கள்.

நம் ஊர் ஆட்டத்தில் இன்னொரு படியும் உண்டு. ஆடத் தெரியாத சின்னப் பிள்ளையை 'உப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், தொட்டாலும் அவுட் இல்லை. ஊனத்தைச் சுட்டும் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாளுக்கு அது நல்ல பாதுகாப்பு. அதற்கு மேலும் நீடித்தால் அவமானம். "இன்னிக்கிலேருந்து இவனும் அவுட் உண்டு" என்று ஒருநாள் அறிவிக்கப்படும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

அணி பிரிக்கும்போது இரண்டு தலைவர்கள் ஆள் பொறுக்குவதை நிறுத்திவிடுங்கள். கடைசியாக மிஞ்சுகிறவர் தினமும் ஒரே ஆள். சா பூ த்ரீ போடுங்கள், அல்லது வரிசையில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரியட்டும். கைக்கு யார் மீதும் பாரபட்சம் இல்லை.

நுழையும் கலை

"நானும் வரட்டா?" என்று கேட்கச் சொல்லித்தான் நாம் கற்றுக்கொடுக்கிறோம். கேள்வி என்று வந்துவிட்டால் "வேணாம்" என்ற பதிலுக்கும் இடம் வந்துவிடுகிறது. எளிதாகச் சேர்ந்துவிடும் பிள்ளைகளைக் கவனியுங்கள். சற்று நேரம் பக்கத்தில் நிற்கிறார்கள், ஆட்டத்தின் போக்கைப் பிடிக்கிறார்கள், ஆட்டத்துக்கு உதவுகிற ஒன்றைச் சொல்கிறார்கள் அல்லது செய்கிறார்கள். தன்னைப் பற்றிப் பேசுவதில்லை, குறை சொல்வதில்லை. இதைத் தனியே அழைத்து ஒத்திகை பார்க்கலாம்:

"என்ன கண்ணு, பாண்டி ஆடுறதப் பாத்துட்டே இருந்தியே, யாரு ஜெயிச்சா?"

"தெரியல மிஸ். சண்ட போட்டுக்கிட்டாங்க. கோட்டுல கால் பட்டுச்சா இல்லையான்னு."

"நீ நின்ன எடத்துலேருந்து கோடு தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது மிஸ். பட்டுச்சு."

"அப்போ நாளைக்கு நீ கோட்டுப் பக்கம் நின்னு, 'பட்டுச்சு, படல'ன்னு மட்டும் சொல்லு. அது போதும்."

மறுநாள் அந்தப் பெண் நடுவர். நாலாம் நாள் அவளும் நொண்டி அடிப்பாள். "வேணாம்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகையிலேயே சேர்த்துவிடுங்கள்: "சரி, அடுத்த ஆட்டத்துக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்கலாம், அல்லது அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பதில் கையில் இருந்தால் பயம் பாதியாகும்.

மறுபக்கம், உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரு விதி வேண்டும். சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி, 'விளையாட வராதே என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது' என்பதை வகுப்பின் விதியாக்கி, அந்த அனுபவத்தை 1992இல் புத்தகமாக எழுதினார். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டபோது, நியாயமான விதிதான் ஆனால் நடக்காது என்ற ரீதியில் சொன்னார்கள். அதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. இந்த விதியை ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். அங்கே அது மண்ணில் ஊன்றிய நாற்று. ஏழாம் வகுப்பில் தொடங்கினால் பாறையில் ஊன்றுகிற வேலை.

மைதானம் யாருடையது?

வரைபடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் மைதானத்தின் நடுவில் எழுதியவை ஏறத்தாழ எல்லாம் பையன்களின் எழுத்துகள். பெண் பிள்ளைகள் சுவர் ஓரமாக இரண்டு இரண்டு பேராக நடக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் மைதானத்தின் பாதியை எறிபந்துக்கும் கோ-கோவுக்கும் ஒதுக்கி, கரும்பலகையில் எழுதிவையுங்கள். எழுதி வைக்காத ஒதுக்கீடு மூன்றாம் நாள் காணாமல் போகும்.

கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் பல பள்ளிகளில் படிக்கிறார்கள். வகுப்பில் மொழி தடையாக இருக்கும் இவர்களுக்கு, பேசாமலே ஆடக்கூடிய பாண்டியும் ஐந்தாங்கல்லும்தான் முதல் தமிழ் வாத்தியார். எண்ணிக்கை அங்கேதான் முதலில் நாக்கில் ஏறும். அவர்கள் ஊர் ஆட்டம் ஒன்றை அவர்களே கற்றுக்கொடுக்க ஒரு நாள் விடுங்கள்.

சத்தம் தாங்காத பிள்ளைக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ளவருக்கு, சாப்பாட்டுக் கூடத்தின் இரைச்சலே வேதனை. நூலகத்திலோ வராந்தாவிலோ அமைதியான மூலை ஒன்று திறந்திருக்கட்டும். ஒரே துணை, ஒரே ஆட்டம், தினமும் அதே நேரம். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

தனியாக இருப்பவர் வந்து உட்கார 'நண்பர் பெஞ்சு' போடும் யோசனை 2013 வாக்கில் அமெரிக்கப் பள்ளி ஒன்றிலிருந்து பரவியது. நல்ல எண்ணம்தான். ஆனால் நம் பள்ளிகளில் அதில் உட்காருகிறவருக்கு மறுநாளே பட்டப்பெயர் விழும். பெஞ்சுக்குப் பெயர் வைக்காதீர்கள். அதன் முன்னால் ஆடு புலிக் கட்டத்தை வரைந்துவிடுங்கள். உட்காருகிறவர் ஆட வந்தவர் ஆகிவிடுவார்.

காயும் பழமும்

நேற்றுவரை ஒட்டித் திரிந்த இருவர் இன்று காய் விட்டுக்கொள்வார்கள். இரண்டு நாளில் பழம் ஆகிவிடும். அதற்குள் நாம் பஞ்சாயத்துக்குப் போனால் அவர்கள் மறந்திருந்த காரணத்தைத் தேடிப்பிடித்துத் தருவோம். ஆனால் ஒருவர் சொல்லி வகுப்பே ஒரு பிள்ளையோடு காய் விட்டால் அது சண்டை ஆகாது, தண்டனை. அன்றே தலையிடுங்கள். கூட்டத்தை நிறுத்தி விசாரிக்காமல், ஏவிய பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுங்கள்.

வீட்டில்

"இன்னிக்கு யாரோட விளையாடின?" என்று தினமும் கேட்டால், யாரோடும் விளையாடாத பிள்ளைக்கு அது தினமும் ஒரு தேர்வு. பொய் சொல்லப் பழகும். மாற்றிக் கேளுங்கள்: "இன்னிக்கு யார் டப்பால என்ன இருந்துச்சு?" பக்கத்தில் உட்கார்ந்தவர் யார், எதைப் பார்த்துச் சிரித்தார்கள், யார் என்ன கொடுத்தார்கள் எல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். பதிலே வரவில்லை என்றால் ஆசிரியரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது.

டப்பா எளிதில் திறக்கக்கூடியதாக, பதினைந்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய அளவாக இருக்கட்டும். முள் எடுக்க வேண்டிய மீனும் உரிக்க வேண்டிய ஆரஞ்சும் வீட்டோடு இருக்கட்டும். சனிக்கிழமை ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழையுங்கள். மாலையில் ஒருவரோடு வளர்ந்த பழக்கம், திங்கள் மதியம் கூட்டத்துக்குள் கைபிடித்துக் கூட்டிப்போகும்.

செய்யக் கூடாதவை

- எழுதி முடிக்காதவர்களை மதிய இடைவேளையில் வகுப்பில் நிறுத்திவைக்காதீர்கள். அப்படி நிற்பவர்கள் பெரும்பாலும் வெளியே போய்ப் பழக வேண்டியவர்களே.
- "இவனுக்கு ஃப்ரெண்ட்ஸ் இல்ல, எல்லாரும் சேத்துக்கோங்க" என்று வகுப்பில் அறிவிக்காதீர்கள். அன்றோடு அது அவன் பட்டம்.
- ஆசிரியரே தினமும் துணையாக இருந்துவிடாதீர்கள். மூன்று நாள் ஆடுங்கள், நாலாம் நாள் "இதோ வர்றேன்" என்று நகர்ந்துவிடுங்கள்.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: வரைபடம், துண்டுத் தாள், அம்புக்குறி.
இரண்டாம் வாரம்: தரையில் இரண்டு கட்டம், குலுக்குச் சீட்டுப் பந்தி.
மூன்றாம் வாரம்: குழாய்ப் பொறுப்பு, தனியே ஒத்திகை.
நான்காம் வாரம்: மறுபடி மூன்று நாள் வரைபடம். பழைய தாளோடு வைத்துப் பாருங்கள்.

நண்பர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டாம். எலுமிச்சைச் சோற்றுப் பையனைக் குழாய்ப் பொறுப்பில் போட்டு ஒரு மாதம் கழிந்திருக்கும். அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். "என்னான்னே தெரியல டீச்சர், இப்பல்லாம் டப்பால பாதிச் சோறு அப்படியே திரும்பி வருது. உடம்புக்கு ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டார். வேப்பமரத்தடியைக் காட்டினேன். ஒன்பது ஆட்டோடு புலியை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தான், மூடாத டப்பா பக்கத்தில் கிடந்தது. பாதிச் சோற்றை எப்படி உள்ளே அனுப்புவது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.